யானைக்குக் கீழ நில்லுங்கடி

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் பழைய சிநேகிதியைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான். ஒன்று விசேஷ வீடு, இன்னொன்று துக்க வீடு. விசேஷ வீட்டில் பேச நேரம் கிடைக்காது. துக்க வீட்டில் சிரிக்க முடியாது. எங்கள் மூன்று பேருக்கு மட்டும் வேறொரு இடம் வாய்த்தது. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீம் பார்க். வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பொம்பளைகளுக்குச் சறுக்குமரத்தில் என்ன வேலை என்று என் வீட்டுக்காரரே கேட்டார். சறுக்குகிறோமோ இல்லையோ, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் எங்களுக்கு அமையவில்லை.

மூன்று பேரும் அருப்புக்கோட்டையில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தோம். நான் பாலவனத்தம். இன்னொருத்தி நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்றாமவள் பாளையம்பட்டி. கல்லூரியில் எங்களுக்குப் பெயரைவிட ஊர்தான் புழக்கத்தில் இருந்தது. இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

நரிக்குடிக்காரி தினமும் தாமதமாகத்தான் வருவாள். திருச்சுழி வழியாக வரும் அவள் பஸ் வழியெல்லாம் நின்று, ஆட்டுக்குட்டி, வெங்காய மூட்டை என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேருவதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். வாசலில் நின்று, "பஸ்ஸு லேட்டு மேடம்" என்று அவள் சொல்வது அடுத்த வகுப்பறைக்கும் கேட்கும். மெதுவாகப் பேசவே தெரியாதவள். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

பாளையம்பட்டிக்காரி அதற்கு நேர்மாறு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு டவுனில் பேன்சி கடை. அண்ணன்மார் இரண்டு பேரும் வளைகுடாவில் இருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் வெளிநாட்டுச் சோப்பு வாசனை வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்காது. காரணம் சோப்பு இல்லை, நரிக்குடிக்காரிதான். அவள் காலை இடைவேளையில் என்னோடு இருப்பாள், சாப்பாட்டு நேரத்தில் பாளையம்பட்டிக்காரியோடு உட்கார்ந்துவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் அவள்தான் உயிர்ச் சிநேகிதி. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வெறும் இடைஞ்சல்.

கடைசி வருடத்தில் வகுப்போடு சுற்றுலா போனோம். மலையோ கடலோ என்று முதலில் பேச்சு நடந்தது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், பொழுது சாய்வதற்குள் பிள்ளைகளை வீட்டில் சேர்க்க வேண்டும் என்று வீடுகளில் கறாராகச் சொன்னதால் கடைசியில் தீம் பார்க் என்று முடிவானது. பஸ் கிளம்பியதிலிருந்து பாட்டும் கைதட்டலும்தான். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் ஆளுக்கு இரண்டு குடம்தான். நாங்கள் தண்ணீரில் விளையாடப் போய்க்கொண்டிருந்தோம்.

உள்ளே போனதும் வாடகைக்கு ஒரு நைலான் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். யாருக்கும் அளவு பொருந்தவில்லை. என்னுடையது முழங்கால் வரை தொங்கியது. பாளையம்பட்டிக்காரி தலைத் துணியை இறுக்கிக் கட்டி முடிச்சை உள்ளே சொருகிக்கொண்டாள். ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டு, பிறகு வெட்கம் போய்ச் சிரித்துக்கொண்டு அலைக்குளத்துக்கு வந்தோம். அலை விடப்போவதாகச் சங்கு ஊதினார்கள். நீலக் குளம் முழுக்க ஒரே சமயத்தில் எழும்பி எங்களை நோக்கி வந்தது. எல்லோரும் கூச்சல் போட்டோம். நரிக்குடிக்காரி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றாள்.

"இம்புட்டுத் தண்ணியையும் வச்சுக்கிட்டு எதுக்குடி சும்மா ஆட்டிக்கிட்டு இருக்காய்ங்க? எங்க கம்மாய்க்குத் தொறந்து விட்டா ரெண்டு போகம் வெளையும்."

சுற்றி நின்ற வேறு ஊர்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த அலை அவளையும் உருட்டிக்கொண்டு போனது. எழுந்தவள் வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, "உப்புக் கரிக்கல, மருந்து வாடை அடிக்குது" என்று அறிவித்துவிட்டு, அதற்கப்புறம் வெளியே வரவே மாட்டேன் என்றாள்.

மதியம் நெருங்கும்போது அவளுக்கு உயரமான சறுக்கலில் ஏற ஆசை வந்துவிட்டது. மாடி மாடியாகப் படிக்கட்டு ஏறி மேலே போய், குழாய்க்குள் விழுந்து கீழே வரும் சறுக்கல். நான் பார்த்ததுமே பின்வாங்கினேன். பாளையம்பட்டிக்காரியும் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"சரி, நான் மட்டும் போயிட்டு வாரேன். நீங்க போயி யானைக்குக் கீழ நில்லுங்கடி. வந்து சேந்து சாப்புடுவோம்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறி ஓடினாள்.

செல்போன் அப்போது எங்கள் மூவரில் யாரிடமும் கிடையாது. யானை என்றால் எங்களுக்குத் தெரிந்தது நுழைவாயிலுக்குப் பக்கத்தில், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரிய சிமெண்ட் யானை. காலையில் அதன் முன்னால்தான் வகுப்போடு போட்டோ எடுத்திருந்தோம். நாங்கள் இருவரும் லாக்கரிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய், யானையின் வயிற்றுக்குக் கீழே நிழலில் உட்கார்ந்தோம். ஈரச் சட்டையில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. அவள் யானையின் முன்னங்கால் பக்கம், நான் பின்னங்கால் பக்கம். நடுவில் பை.

நரிக்குடிக்காரி வரவில்லை. யாரோ குழந்தையைத் தூக்கி யானைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பிறகு இன்னொரு குடும்பம் வந்தது. எங்களை ஒதுங்கச் சொன்னார்கள், ஒதுங்கினோம். அவர்கள் போனதும் மறுபடியும் உட்கார்ந்தோம். பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நாங்கள் இருவர் மட்டும் தனியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

திடீரென்று பாளையம்பட்டிக்காரி கேட்டாள்: "ஒனக்கு என்னையப் பிடிக்காதுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லையே."

"பிடிக்காது. எனக்குத் தெரியும். எனக்கும் ஒன்னையப் பிடிக்காது" என்றாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அவதான். என்னத்தப் பேசுனாலும் ஒன் பேச்சுலதான் வந்து நிப்பா. பாலவனத்தா அப்பிடிச் சொன்னா, பாலவனத்தா இப்பிடிச் சிரிச்சான்னு ஒரே புராணம்."

நான் அவளையே பார்த்தேன். "என்கிட்ட வந்தா பூராம் ஒன் புராணம்தான். ஒன்னைய மாதிரி அழகா எழுதணுமாம், ஒன்னைய மாதிரி அமைதியா இருக்கணுமாம்."

"அமைதியாவா? அவளா?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. யானை வயிற்றுக்குக் கீழே அது எதிரொலித்தது. சிரித்து முடித்தபோது இருவரும் யானையின் ஒரே காலில் சாய்ந்துகொண்டிருந்தோம்.

அப்புறம் பசி தாங்கவில்லை. அவள் தூக்குவாளியில் தேங்காய்ச் சோறும் உருளைக்கிழங்கும் இருந்தன. "எல்லாரும் கை வைக்கணும்னு அம்மா இன்னைக்குக் கறி செய்யல" என்றாள். என்னிடம் புளிச்சோறும் வத்தலும். முதலில் அவரவர் மூடியில் சாப்பிட்டோம், பிறகு மூடிகள் மாறிவிட்டன. நரிக்குடிக்காரிக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் காலி செய்தோம். பாளையம்பட்டிக்காரியின் கைப்பக்குவத்தையும் அவள் அம்மாவின் கைப்பக்குவத்தையும் பிற்பாடு எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் தேங்காய்ச் சோறு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஈரமும், கையில் ஒட்டிய மருந்துத் தண்ணீர் வாசனையும்தான்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. இவ்வளவு நேரமாகியும் ஏன் வரவில்லை? குழாய்க்குள் மாட்டிக்கொண்டாளா, விழுந்து எங்கேயாவது அடிபட்டுவிட்டதா? இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினோம். சறுக்கலுக்குக் கீழே அவள் இல்லை. அலைக்குளத்தில் இல்லை. உடை மாற்றும் இடத்தில் கதவு கதவாகத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தோம். பாளையம்பட்டிக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். "அவுக வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்போது குழந்தைகள் குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. உலகத்தில் அப்படி ஒரு தொண்டை ஒன்றுதான் உண்டு.

"ஏடீ! எங்கனடி போய்த் தொலைஞ்சீக!"

அங்கே இன்னொரு யானை நின்றது. நீல நிறம். தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சறுக்கலின் உச்சியிலிருந்து பார்த்தவளுக்கு அந்த யானைதான் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, நகராமல் நின்றிருந்தாள். நகர்ந்தால் நாங்கள் வரும்போது தவறவிட்டுவிடுவோம் என்று நினைத்தாளாம். உதடு வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

"எந்த யானைடி சொன்ன?" என்று நான் கத்தினேன்.

"எத்தன யானைடி இருக்கு இங்க?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். பிறகு எங்கள் கோத்த கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தை. "சாப்டீகளா ரெண்டு பேரும்? என்னைய விட்டுட்டா?"

நாங்கள் பையைத் திறந்தோம். எடுத்து வைத்திருந்ததை நீட்டினோம். நின்றபடியே, திட்டிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்று முடித்தாள். திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நடுவில் அவளை உட்காரவைத்தோம். காரியாபட்டி தாண்டுவதற்குள் என் தோளில் தலை, பாளையம்பட்டிக்காரி மடியில் கால் என்று தூங்கிப்போனாள். அவள் தலைக்கு மேலாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

படிப்பு முடிந்தது. ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆனது. பாளையம்பட்டிக்காரி கணவரோடு ஷார்ஜா போய்விட்டாள். நரிக்குடிக்காரி திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிலம், ஒரு லோடு வேன். நான் விருதுநகரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பார்ப்பதெல்லாம் கல்யாணப் பந்தியில்தான். நான் சாப்பிட உட்காரும்போது நரிக்குடிக்காரி கை கழுவிக்கொண்டிருப்பாள். "போன் பண்றேன்டி" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போவாள். குழந்தைகள், உடம்பு, மாமியார், ட்யூஷன் என்று வருடங்கள் போயின. பிறகு வாட்ஸ்அப் வந்தது. மூன்று பேரும் ஒரு குழுவில் இருந்தோம். நரிக்குடிக்காரிக்கு எழுதப் பொறுமை கிடையாது. வாய்ஸ் மெசேஜ்தான். அதைப் பள்ளியில் திறக்க முடியாது, அவ்வளவு சத்தம்.

ஒருநாள் அவளிடமிருந்து மெசேஜ் வரவில்லை. அவள் தம்பிதான் போன் செய்தான். மச்சான் காலையில் வேனை எடுக்கப் போனவர், வண்டிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்றான்.

நான் போனேன். ஷார்ஜாவிலிருந்து அவளால் வர முடியவில்லை. வீடு முழுக்கப் பெண்கள். வாசலில் ஒப்பாரி. நரிக்குடிக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை, வாயில் ஒரு வார்த்தை இல்லை. "அழுதுரு தாயி, அழுதுரு" என்று அவளைப் பிடித்து உலுக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை இருந்தது, அவள் இல்லை. பின்னால் இரண்டு பேர், "கல்லு மாதிரி இருக்காளே" என்று பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

அதன் பிறகு குழுவில் அவள் குரல் வரவில்லை. என்ன கேட்டாலும் கும்பிடும் கைப் படம் ஒன்று வரும். அவ்வளவுதான். எந்த விசேஷத்துக்கும் போகவில்லை, போகக் கூடாது என்று சொல்பவர்களும் இருந்தார்கள். போகலாம் என்று சொன்னவர்கள் வீட்டுக்கும் போகவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் பாளையம்பட்டிக்காரி பிள்ளைகளோடு ஊருக்கு வந்தாள். வந்த அன்றே எனக்குப் போன் செய்தாள். "அவளப் பாக்கணும். எங்க வச்சுப் பாக்குறது?"

யோசித்தோம். அவள் வீட்டுக்குப் போனால் எங்களைப் பார்த்ததும் அக்கம்பக்கம் திரண்டு மறுபடியும் முதலிலிருந்து துக்கம் ஆரம்பிக்கும். பாளையம்பட்டி வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவளைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருப்பார்கள். என் வீட்டில் நான் அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. ஓட்டல் என்றேன்.

"ஓட்டல்ல மூணு பொம்பளைக எம்புட்டு நேரம் ஒக்காந்திருக்க முடியும்? டேபிளத் தொடைக்க வந்து பக்கத்துலயே நிப்பாக" என்றாள். பிறகு அவள்தான் சொன்னாள்: "பிள்ளைகளக் கூட்டிட்டு பார்க்குக்குப் போவோம். அதுக பாட்டுக்கு வெளையாடட்டும். அங்க நம்மள யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாக."

நரிக்குடிக்காரி முதலில் முடியாது என்றாள். அவளுடைய மகள் எங்கள் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை விடவில்லை. அதனால் வந்தாள்.

தீம் பார்க்கில் சிநேகிதிகளைச் சந்திக்க எது நல்ல இடம் என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன். வாசல் ஆகாது. வெயிலும் டிக்கெட் நெரிசலும். சாப்பாட்டுக் கூடமும் ஆகாது, பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. லாக்கர்களுக்குப் பக்கத்தில், பச்சை வலைக்குக் கீழே நீளமாக சிமெண்ட் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். அதுதான் இடம். பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, பை, செருப்பு, துண்டு எல்லாவற்றுக்கும் காவலாக அம்மாக்கள் உட்காரும் இடம். மணிக்கணக்கில் உட்காரலாம். ஏன் சும்மா இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், பையைப் பார்த்துக்கொள்வது வேலைதானே. பக்கத்தில் பரமக்குடிக்காரி இருப்பாள், தேனிக்காரி இருப்பாள். யாருக்கும் யாரையும் தெரியாது.

அன்றைக்கு அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். நரிக்குடிக்காரி மங்கிய நிறச் சேலையில், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நாங்கள் ஷார்ஜா வாடகை, என் மகனின் மார்க், யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தைராய்டு என்று எல்லாவற்றையும் பேசினோம். அவள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே பெரிய கப்பல் ஒன்று, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் உயர்ந்து உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை உச்சிக்குப் போகும்போதும் அதில் இருந்தவர்கள் வீறிட்டார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல ஏறுவமாடி?" என்றாள். அன்று அவளாகப் பேசிய முதல் பேச்சு.

எனக்கு உயரம் ஆகாது. ஆனாலும் பைகளைப் பக்கத்தில் இருந்த ஒரு தேனிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று பேரும் போய் ஏறினோம். கடைசி வரிசையில் அவளை நடுவில் உட்காரவைத்துக் கம்பியை இறக்கினார்கள். கப்பல் மெதுவாக ஆடத் தொடங்கி, வேகம் பிடித்து, எங்கள் வரிசை வானத்துக்குப் போனது. கப்பலே அலறியது. அந்த அலறலுக்குள் அவள் குரல் தனியாகக் கேட்டது.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டியேய்யா!"

கீழே இறங்கி மறுபடி மேலே போனோம்.

"சொல்லாமப் போயிட்டியே! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே!"

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் ஒரு கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள், அந்தப் பக்கம் இன்னொருத்தியின் கையை. முன் வரிசையில் யாரும் திரும்பவில்லை. அங்கே எல்லோரும்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு உயரத்திலும் கத்தினாள். கப்பல் தளர்ந்து நின்றபோது அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"இன்னொரு தடவ ஏறுவம்" என்றாள்.

ஏறினோம். அதற்கப்புறமும் ஏறினோம். எனக்கு ஒரு கட்டத்தில் வாந்தி வந்து நான் கீழே நின்றுவிட்டேன். அவர்கள் இருவரும் தொடர்ந்தார்கள்.

பிறகு அலைக்குளத்தின் படியில் சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தோம். பிள்ளைகள் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். அவளாகவே சொன்னாள்:

"அன்னைக்கு எல்லாரும் நான் எப்ப அழுவேன்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்ப வரலடி. அதுக்கப்பறம் பிள்ளை முன்னாடி அழ முடியல. ராத்திரியில அழுதாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரும், என் தொண்டைதான் ஒங்களுக்குத் தெரியுமே."

பாளையம்பட்டிக்காரி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சங்கு ஊதியது, அலை வந்து எங்கள் மடிவரை நனைத்துவிட்டுப் போனது. அவர் லோடு வேனுக்கு மாலை போட்டுப் பொட்டு வைப்பதில் என்னென்ன கூத்து அடிப்பார், மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கப் போய்த் தானே கருவேல முள்ளில் விழுந்தது என்று அவள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பசித்தது. மூன்று தூக்குகளையும் திறந்து, கலந்து சாப்பிட்டோம்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளையும் மகளையும் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஜன்னலிலிருந்து என்னவோ சொன்னாள். காற்றுதான் வந்தது. கையை ஆட்டினாள்.

மறுநாள் காலை அவள் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் பேசியது அவள் மாமியார். மகன் போனபிறகு அந்த அம்மாவும் இவளும் பேத்தியும் மட்டும்தான் அந்த வீட்டில்.

"ஏத்தா, நேத்து இவள எங்கன கூட்டிட்டுப் போனீக? தொண்ட கட்டிக் கெடக்கு. காலையிலருந்து சைகையிலதான் பேசுறா."

"பார்க்குக்குத்தாம்மா. ஒரு கப்பல்ல ஏறுனோம். அதுல... கொஞ்சம் கத்திட்டா."

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"கத்துனாளா?" என்றது அந்தக் குரல். "நல்லாக் கத்துனாளா?"

"ஆமாம்மா. நல்லாக் கத்துனா."

"சரித்தா. அப்பச் சரி. மிளகுப் பால் காச்சிக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார்கள்.